பின் இருக்கைக்குக் கீழே

பின் இருக்கையின் சின்ன மெத்தையைத் தூக்கிய மதிப்பீட்டாளர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். கீழே, கறுப்புக் கம்பளத்தின் மடிப்பில், ஒரு பிடி சிவப்புப் புழுங்கலரிசி சிதறிக் கிடந்தது. அதோடு ஒரு கொண்டை ஊசி, பாதி தேய்ந்த மஞ்சள் வர்ணக் கட்டி, பத்து பெனிக் நாணயம் ஒன்று, நாலாக மடித்த கடதாசிக்குள் கோயில் விபூதி. அவர் பழைய கார்களுக்குக் காப்புறுதி மதிப்புப் போடுகிறவர். கையுறையைக் கழற்றி ஓர் அரிசி மணியை எடுத்துப் பார்த்தார். "இந்தக் காரிலா அரிசி ஏற்றினீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, நம்ப முடியாமை இருந்தது.

அரிசி ஏற்றினேன். வெங்காயம் ஏற்றினேன். இரண்டு பிள்ளைகளைப் பாலர் பாடசாலைக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் ஏற்றினேன். வாழைக்குலை ஒன்றை மனைவி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மதிப்பீட்டாளர் போன பிறகு அந்த அரிசியைத் துடைத்தெடுக்க மனம் வரவில்லை. கராஜ் வாசலில் ஒரு ஸ்ரூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கார், போர்ஷே 911. 1989இல் வரத் தொடங்கி 1994 வரை செய்யப்பட்ட மாதிரி. தொழிற்சாலைக்காரர் அதை 964 என்ற எண்ணால் அழைப்பார்கள். கடும்பச்சை நிறம். எஞ்சின் பின்னால், பின் சில்லுகளுக்கும் அப்பால் தொங்குகிறது. 3.6 லீற்றர், படுத்துக் கிடக்கும் 6 சிலிண்டர்கள், 250 குதிரை வலு, உச்ச வேகம் மணிக்கு 260 கிலோமீற்றர். அந்தக் காலத்தில் இவை பெரிய எண்கள். இன்றைக்கும் சின்ன எண்கள் அல்ல. இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் வீட்டில் இருந்த ஒரே கார் அதுதான்.

நான் ஜேர்மனிக்கு வந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில், இலங்கையிலிருந்து எங்கள் ஆட்கள் பலரும் வந்த அதே வழியில். கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ராசெ நிலையத்தில் ரயில் ஏறி, மேற்கு பேர்லினுக்குள் கால் வைத்தேன். அங்கிருந்து தெற்கே ஒரு சிறிய ஊரின் அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதானால் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருந்த என் மச்சானைப் பார்க்க ரயிலில் அரை மணி நேரம். கடிதத்துக்குக் காத்திருந்த நாட்கள் அதைவிட அதிகம். மாலையில் விடுதிக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினால் ஓட்டோபான் தெரியும். வெள்ளை விளக்குகள் வரும், சிவப்பு விளக்குகள் போகும். அந்தக் கார்க்காரர்களை யாரும் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அந்த மேட்டில் நின்ற மாலைகளில்தான் எனக்குள் ஒரு கார் வந்து குடியேறியது என்று நினைக்கிறேன். எந்தக் கார் என்று அப்போது தெரியாது.

அனுமதி கிடைத்ததும் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு தொழில் பழகி, ஸ்ருட்கார்ட்டின் வடக்கே இரும்புப் பாகங்கள் கடையும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். வேலைக்குப் போகும் எஸ் 6 ரயில் சுஃபன்ஹவுசனைக் கடந்து போகும். போர்ஷே தொழிற்சாலை அங்கேதான். சாலைக்கு மேலாக மூடிய பாலமொன்று இருக்கிறது. அதன் வழியாகக் கார்களின் வெறும் கூடுகள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும். நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கார்களையும் பார்ப்பேன். ஆச்சரியம் என்னவென்றால், தொழிற்சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்தக் கார்கள் மிகச் சாதாரணமாக நடமாடின. பாண் கடை வாசலில் நிற்கும். சிறுவர் இருக்கை கட்டியிருக்கும். மேலே பனிச்சறுக்குப் பலகைகள் இருக்கும். இது பணக்காரரின் கண்ணாடி அலுமாரிப் பொருள் அல்ல, ஓடுகிற சாமான் என்று நான் அந்தத் தெருக்களில்தான் படித்தேன்.

1997இல் தண்ணீரால் குளிரும் புதிய எஞ்சினோடு புதிய 911 வந்தது. எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். பழைய, காற்றால் குளிரும் கார்களின் விலை விழுந்தது. ஒரு நல்ல குடும்பக் காரின் விலைக்கு இது கிடைக்கும் என்ற நிலை வந்தபோது நான் வாங்கினேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையள் எங்கை இருக்கிறது?" என்றாள்.

"பின்னாலை ரெண்டு இருக்கை இருக்கு."

"சாமான்?"

"முன்னாலை."

"எஞ்சின்?"

"அது பின்னாலை."

அவள் முன்மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்தாள். பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு பக்கம் பக்கமாக வைக்கலாம் என்று முடிவு சொன்னாள். அந்தக் கணக்கு இன்றுவரை பிழைக்கவில்லை.

தினசரி வாழ்வுக்கு இந்தக் கார் எப்படிப் பொருந்தியது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அகலத்தைத்தான். 1.65 மீற்றர். இப்போது வரும் 911 அதைவிட இருபது சென்றிமீற்றர் அகலம். ஸ்ருட்கார்ட் ஒரு குழிக்குள் இருக்கும் நகரம். சுற்றிலும் திராட்சைத் தோட்டச் சரிவுகள், அவற்றில் ஒடுங்கிய தெருக்கள், பழைய காலத்து கராஜுகள். அங்கே பெரிய கார்கள் திணறும் இடத்தில் இது புகுந்து வெளியேறும். முன்கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இரண்டு முன் விளக்குகளின் மேடும் தெரியும், அதனால் காரின் மூலை எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே அளக்கலாம். வட்டமான ஐந்து மானிகள். நடுவில் பெரிதாக இருப்பது வேகமானி அல்ல, எஞ்சினின் சுழற்சி மானி. சாவி ஸ்டியரிங்கின் இடது பக்கம். பெடல்கள் தரையிலிருந்து முளைத்து நிற்கும். ஒரு வாரம் பழகினால் உடம்புக்கு வந்துவிடும்.

செலவு உண்டு. நகரத்துக்குள் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். எண்ணெயும் கேட்கும். மொத்தம் 11 லீற்றருக்கு மேல் எண்ணெய் சுற்றி ஓடுகிறது, ஏனென்றால் அந்த எஞ்சினுக்குக் காற்றோடு சேர்ந்து எண்ணெய்தான் குளிர்ச்சி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், ஆக 12. அந்தச் செலவுக்காக வேறு சிலதை விட்டோம். நாங்கள் இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். உறவினர்கள் வீடு வாங்கினார்கள். எங்களை அதற்காகக் குறை சொன்னவர்களும் உண்டு. நான் வருந்தியதில்லை. மனைவியும் வருந்தியதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் இருந்தார். சுஃபன்ஹவுசனில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் குடிவந்த ஆண்டுகளில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அங்கே ஒரு வழக்கம்: வாரமொரு குடும்பம் முறைவைத்து மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் கூட்ட வேண்டும். எங்கள் முறை வரும்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். கார் வந்த மூன்றாம் நாள் அவரே கீழே இறங்கி வந்து, பின்மூடியைத் திறக்கச் சொன்னார். முழங்காலில் இருந்து அடியில் பார்த்தார். எழுந்து, "எண்ணெய் பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் அளவுக் கம்பியை இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த எஞ்சினில் எண்ணெய் அடித்தட்டில் நிற்பதில்லை, தனித் தாங்கியில் நிற்கிறது. ஆகவே நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். குளிர்ந்து நிற்கும்போது பார்த்தால் கம்பி பொய் சொல்லும். இதைச் சொல்லி முடித்ததும் இன்னொன்றும் சொன்னார்: எண்ணெய் சூடாகும்வரை விரட்டாதே. அதற்கான மானி கண் முன்னாலேயே இருக்கிறது.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆள். மனைவி கொத்துரொட்டி கொடுத்தனுப்புவாள். அவர் மனைவி ஆப்பிள் கேக் கொடுத்தனுப்புவார். எஞ்சினின் 12 வால்வுகளுக்கும் இடைவெளி சரிபார்க்கும் வேலையை அவர்தான் எனக்குப் பழக்கினார். 0.1 மில்லிமீற்றர். மெல்லிய உருக்குத் தகட்டைச் செருகி இழுக்கும்போது விரலில் ஒரு பிடிப்பு உணர வேண்டும். தகட்டை என் கையில் வைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் ஊர் சுன்னாகத்தில் என் ஐயாவும் இதே மாதிரித் தகட்டைத்தான் வைத்திருந்தார். ஒஸ்ரின் ஏ 40 ஒன்றை ஹயருக்கு ஓடியவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வால்வு மூடியைத் திறந்து, வாயில் ஒரு சுருட்டோடு, அந்தத் தகட்டை ஒவ்வோர் இடமாகச் செருகிப் பார்ப்பார். நான் பக்கத்தில் எண்ணெய்த் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கார் கல்யாணத்துக்கும் போகும், செத்த வீட்டுக்கும் போகும். நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கும் போகும். பிறகு எரிபொருள் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, மண்ணெண்ணெயில் ஓடியது என்று அண்ணர் கடிதத்தில் எழுதினார். யாழ்ப்பாணம் முழுக்க அப்படித்தான் ஓடியது. மண்ணெண்ணெய்ப் புகையோடு சுருட்டு வாசமும் கலந்து அந்தக் கடிதத்தில் வந்தது போல் எனக்குத் தோன்றும்.

கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் எனக்கு ஒரு கதை சொன்னார். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுபதுகளின் கடைசியில் 911இன் காலம் முடிந்தது என்று நிறுவனத்தின் மேலிடம் தீர்மானித்திருந்தது. முன்னால் எஞ்சின் வைத்த, தண்ணீரால் குளிரும் 928தான் இனி எதிர்காலம். 1981இல் பீற்றர் ஷூட்ஸ் என்பவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தலைமைப் பொறியாளர் ஹெல்முத் பொட்டின் அறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. மற்ற மாதிரிகளின் கோடுகள் எதிர்காலத்துக்குள் நீண்டு போக, 911இன் கோடு 1981 முடிவில் நின்றது. ஷூட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை நீட்டினார். அட்டவணையின் விளிம்பைத் தாண்டிச் சுவரிலும் இழுத்தார். அவ்வளவுதான். என் கார் அந்தக் கோட்டில் வந்து பிறந்தது.

அந்த ஷூட்ஸ் பேர்லினில் பிறந்தவர். தகப்பன் யூதர்; சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நாஸிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்குப் போனது. இதை நான் பிறகுதான் அறிந்தேன். பேர்லினிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பிள்ளை திரும்பி வந்து நீட்டிய கோட்டில், பேர்லின் வழியாகத் தஞ்சம் தேடி வந்த நான் அரிசி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளுக்குப் பின் இருக்கை தனி உலகம். இடுப்புக்குக் கீழே எஞ்சின் உறுமும், முதுகு சூடாகும். மணிக்கு 80 கிலோமீற்றரைத் தொட்டதும் பின்மூடியின் மேலே ஒரு சிறகு தானாக எழும்பும். வேகம் நன்றாகக் குறைந்தால்தான் திரும்பப் படுக்கும். அதை அறிவிப்பது மகனின் உத்தியோகம். கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பான். "அப்பா, வால் எழும்பீற்றுது!" என்று கத்துவான். நெரிசலில் ஊர்ந்து போகும்போது, "இன்னும் படுக்கேல்லை அப்பா" என்று கவலைப்படுவான். மகள் அக்கா என்ற தோரணையில் ஜன்னலோரம் வர்ணக் கட்டியோடு இருப்பாள். அந்த மஞ்சள் கட்டி அவளுடையதுதான். பத்து வயதுக்கு மேல் அவர்களுடைய கால்கள் நீண்டு, முன் இருக்கையில் இடிக்கத் தொடங்கின. அப்போதும் வேறு கார் வேண்டும் என்று இருவரும் கேட்கவில்லை. முறைவைத்து முன்னால் இருந்தார்கள். அம்மா பின்னால் குறுக்காக இருந்து வந்தாள்.

பனிக்காலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். பந்தயக் காரைப் பனியில் எப்படி ஓட்டுவது? இந்தக் கார் 1968இல் தொடங்கி அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் மொன்ரே கார்லோ றாலியை வென்ற இனம். அந்த றாலி ஜனவரியில், பனி மூடிய மலைகளில் நடப்பது. காரணம் எளிது. எஞ்சினின் பாரம் முழுவதும் இழுக்கிற சில்லுகளுக்கு மேலே அமர்ந்திருக்கிறது. எங்கள் தெருவின் ஏற்றத்தில் மற்றக் கார்கள் சில்லைச் சுற்றிக்கொண்டு நிற்கையில், குளிர்கால ரயர் போட்ட இது இரண்டாம் கியரில் மெல்ல மேலே போய்விடும். ஏறுவது சுலபம். திருப்பத்தில்தான் கவனம் வேண்டும். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் பிடியிழந்து சுற்றப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் மெல்ல மிதித்துக்கொண்டே போ என்று கீழ் வீட்டுக்காரர் சொல்லித் தந்தார்.

இதையே ஐயா வேறு மாதிரிச் சொன்னார். போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, யாழ்ப்பாணத்துக்கான ஏ 9 பாதை திறந்த பிறகு, அண்ணர் அவரைக் கொழும்புக்குக் கூட்டிவந்து, மூன்று மாத விசாவில் எங்களிடம் அனுப்பினார். விமான நிலையத்திலிருந்து இந்தக் காரில்தான் கூட்டிவந்தேன். வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தண்ணி எங்கையடா ஊத்துறது?"

"இதுக்குத் தண்ணி இல்லை ஐயா. காத்தும் எண்ணெயும்தான்."

"அப்ப ஃபொக்ஸ்வாகன் மாதிரி எண்டு சொல்லு."

"ஓம் ஐயா. ஃபொக்ஸ்வாகனைக் கீறினவரின்ரை மகன்தான் இந்தக் கொம்பனியை நடத்தினவர். பேரன்தான் இந்தக் காரைக் கீறினவர்."

அவர் தலையாட்டினார். தன் காலம் முழுவதும் தண்ணீர்ப் போத்தலோடு ஹயர் ஓடியவர். ஆனையிறவு வெயிலில் ரேடியேற்றர் கொதித்து நிற்கும்போது ஆட்களை மரநிழலில் இருத்திவிட்டுக் கிணறு தேடிப் போனவர். தண்ணீர் கேட்காத கார் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. பிறகு பின்பக்கம் குனிந்து, எஞ்சின் தொங்குகிற இடத்தைப் பார்த்தார். "பின்பாரம் கூடின வண்டில். நுகம் கிளம்பும். பள்ளத்திலை பாத்துப் போ" என்றார். ஜேர்மன் பொறியாளர்கள் பல ஆண்டு பாடுபட்டு அடக்கிய பிரச்சினையை அவர் மாட்டு வண்டிலில் கற்ற அறிவால் ஒரு வசனத்தில் சொன்னார்.

அந்த மூன்று மாதமும் அவர் காலை ஐந்து மணிக்கு எழும்பி, நான் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நிற்பார். எஞ்சின் ஸ்ராட் ஆகும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாள் "நெடுக ஓடு. நிப்பாட்டி வைக்காதை. நிண்ட கார் செத்துப்போம்" என்று சொன்னார். அவருடைய ஒஸ்ரின் அப்போது சில்லில்லாமல் கொட்டிலில் நின்றது. அடுத்த ஆண்டு அவரும் போனார்.

ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 1989இல் ஒரு வீட்டு நிலவறையில் தொடங்கி, 2002இல் 17 மீற்றர் கோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. தீர்த்தத்துக்கு, பக்கத்திலுள்ள கால்வாய்க்குத்தான் அம்பாள் எழுந்தருளுவாள். ஸ்ருட்கார்ட்டிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு கோடையிலும் தேருக்குப் போவோம். ஏ 45 நெடுஞ்சாலை மலைகளின் தோள்களில் பாலம் பாலமாகப் போகும். லூடன்ஷைட்டில் ஒரு பாலம் பழுதாகி 2021 இறுதியில் மூடி, பிறகு வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், அதனால் சில வருடம் சுற்றிப் போனோம். முன்பெட்டியில் பூவும் இளநீரும், பின்னால் பிள்ளைகளின் காலடியில் புளியோதரைச் சட்டி. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் காரைச் சுற்றி இளைஞர்கள் கூடுவார்கள். ஒருமுறை அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவராம். சூடு ஆறாத பின்மூடிக்கு மேலே மூக்கை நீட்டி மோந்தார். "தம்பி, எண்ணெய் நல்ல எண்ணெய்தான் விடுறாய்" என்று சொல்லிவிட்டு, என் தலையில் கைவைத்து விபூதி பூசினார். மடித்த கடதாசியில் மிச்சத்தையும் தந்தார். மதிப்பீட்டாளர் கண்டெடுத்தது அதுதானா, வேறொரு வருடத்து விபூதியா, இப்போது சொல்ல முடியாது.

எல்லாம் அன்பாக நடந்தது என்று எழுதினால் பொய். கறுத்த மனிதன் போர்ஷே ஓட்டினால் மறிக்க வேண்டும் என்று நினைத்த பொலிஸார் அந்த ஆண்டுகளில் இருந்தார்கள். இரவு வேலை முடிந்து வரும்போது விளக்கு மின்னும். கார் யாருடையது என்பதுதான் முதற்கேள்வி. பதிவுப் பத்திரம், அடையாள அட்டை, சில வேளை சம்பளத் துண்டுகூடக் காட்டியிருக்கிறேன். பின் இருக்கையில் பிள்ளைகள் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னேன். மகள் ஒருமுறை, "அப்பா, நாங்கள் களவெடுத்தமோ?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து, கார் வாங்கிய பற்றுச்சீட்டை அவளுக்கு எடுத்துக் காட்டினேன். எட்டு வயதுப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தாள். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதற்காகக் காரை மாற்றுவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன்.

வேகத்தைப் பற்றிக் கேட்பார்கள். இந்தக் காரை நான் பெரும்பாலும் ஐம்பதிலும் எண்பதிலும்தான் ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒரு விடியற்காலையைச் சொல்லாமல் விட முடியாது. பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்த வாரம், ஒரு ஞாயிறு, பிள்ளைகள் நித்திரை. தனியாக ஏ 81இல் போடன் ஏரிப் பக்கம் போனேன். அந்தச் சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு. அந்த நேரத்தில் ஒருவரும் இல்லை. எண்ணெய் சூடாகும்வரை பொறுத்தேன். பிறகு மிதித்தேன். சுழற்சி மானி நாலாயிரத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து வரும் ஓசை மாறும். விசிறியின் இரைச்சல் அடங்கி, எஞ்சின் பாடத் தொடங்கும். 220 வரை போனது, ஸ்டியரிங் உள்ளங்கையில் சாலையின் ஒவ்வொரு சிராய்ப்பையும் சொல்லிக்கொண்டிருந்தது. மாவட்டப் பெயர்ப் பலகைகள் வந்தன, போயின. ஒரு மாவட்டம், இன்னொரு மாவட்டம், அடுத்தது. எந்தக் கடிதமும் என் சட்டைப் பையில் இல்லை. நான் அழுதேன். வேகத்தைக் குறைத்து, ஓய்விடம் ஒன்றில் நிறுத்தி, முகம் கழுவி, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும் வழியில் பாண் வாங்கினேன்.

கீழ் வீட்டுக்காரர் இறந்து பல வருடமாகிறது. அவருடைய தகடுகளின் தொகுதியை அவர் மனைவி எனக்குத் தந்தார். காதால் கேட்டுப் பழுது சொல்லும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கடையை மூடினார்கள். இப்போது பட்டறையில் முதலில் கணினியின் செருகியைத்தான் தேடுகிறார்கள். காருக்கு முப்பது வயது நிறைந்து, இலக்கத் தகட்டின் கடைசியில் பழைய கார்களுக்கான எச் எழுத்து வந்தது. அதற்கு ஆண்டு வரி 191 யூரோவும் சொச்சமும். ஒரு காலத்தில் மலிவாக விழுந்த விலை பல மடங்கு ஏறிவிட்டது. விலை ஏறியதும் கார்கள் தெருவிலிருந்து மறைந்தன. சுஃபன்ஹவுசன் பாண் கடை வாசலில் இந்த மாதிரியை இப்போது காண்பதில்லை. ஈரப்பதம் கட்டுப்படுத்திய கராஜுகளில், உறை போர்த்தி, பற்றறிக்கு மின் இணைத்து வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் கிலோமீற்றரைத்தான் பார்க்கிறார்கள். குறைந்தால் விலை கூட. ஓடுவதற்காகச் செய்த ஒன்றுக்கு ஓடாததால் மதிப்பு ஏறுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்தக் கார்களைச் செய்தவர்களின் கைவேலைக்கு இது மரியாதையல்ல. கீழ் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார்.

மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். போகுமுன் எனக்கு நன்மை நினைத்தே ஆலோசனை சொன்னார். உட்புறத்தைத் தொழில்முறையில் சுத்தம் செய்யுங்கள், பின் இருக்கைத் தோலை மாற்றுங்கள், உப்புப் போட்ட சாலையில் இறக்காதீர்கள், வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். பத்து வருடத்தில் இது உங்களுக்கு ஒரு வீட்டின் முற்பணமாகும். நான் நன்றி சொன்னேன். தோலை மாற்றப் போவதில்லை என்றும் சொன்னேன். அதில் மகனின் சப்பாத்து உரசிய கோடுகள் இருக்கின்றன. அவர் தன் படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டார். தொகை அவர் சொன்னதைவிடக் குறைவாகத்தான் வரும். வரட்டும்.

என் முழங்காலுக்கு இப்போது கிளச் கனக்கிறது. பட்டறையிலிருந்தும் ஓய்வுபெற்றுவிட்டேன். மகன் மின்சாரக் கார் வைத்திருக்கிறான். நல்ல கார், அவனுக்குப் போதும். மகள் ஆஸ்பத்திரியில் தாதி. போன குளிர்காலத்திலிருந்து இரவு வேலைக்கு அவள்தான் பச்சைக் காரைக் கொண்டு போகிறாள். பின்னால் அவளுடைய மகனின் இருக்கை கட்டியிருக்கிறது. நேற்று விடிய ஆறரைக்குத் தொலைபேசி அடித்தாள்.

"அப்பா, எண்ணெய் நடுவுக்குக் கொஞ்சம் கீழை நிக்குது."

"எஞ்சின் ஓடேக்கையோ பார்த்தனி?"

"ஓம் அப்பா. சமதரையிலைதான். சூடும் ஏறீற்றுது."

"அப்ப அரை லீற்றர் விடு. முழுக்க நிரப்பாதை."

"தெரியும். வரேக்கை தமிழ்க் கடையிலை என்ன வாங்கிறது எண்டு அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கோ."